மசாலா மில்லில் ஏறும் நிலைமின்சாரம்: சுங்கை சிப்புட் மாவு மில் ஒன்றின் மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பசாருக்குப் (சந்தைக்குப்) பின்வரிசையில் இருக்கிற மாவு மில் இது. எல்பில், ஈவுட், டவன்பி தோட்டங்களிலிருந்தும் சுற்றியுள்ள தாமான்களிலிருந்தும் (குடியிருப்புகளிலிருந்தும்) மல்லி, மிளகாய், மஞ்சள், முறுக்கு அரிசி என்று தூக்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். பழைய பெல்ட் மில் ஓரமாக இன்னும் ஓடுகிறது. புட்டு மாவும் இடியாப்ப மாவும் அதில்தான். மசாலாவுக்கென்று புதிதாகப் பூட்டியிருக்கும் எவர்சில்வர் ஹேமர் மில் (சுழலும் சுத்தியல்களால் நொறுக்குவது), அதோடு வரும் பிளோவர் (தூளைக் காற்றடித்துத் தள்ளுவது), சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரித்துக் கீழே இறக்கும் கூம்பு), ஃபில்டர் பை (மிஞ்சிய தூசியைப் பிடிக்கும் துணிப்பை) ஆகியவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். அரைப்பு சீராக இருக்கிறது. சாம்பார்ப் பொடிக்கு 1 மில்லிமீட்டர், மிளகாய்க்கு 0.8, மஞ்சளுக்கு 0.5 என்று மூன்று சல்லடை வைத்திருக்கிறார்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் மாற்றித் தருகிறார்கள். மஞ்சளை ஒரே மூச்சில் போட்டு அடிக்காமல், பெரிய கண் சல்லடையில் ஒருமுறை நொறுக்கி, ஆறவிட்டு, மறுமுறை நைசாக எடுக்கிறார்கள். சுத்தியல்களின் முனை மழுங்காமல் இருக்கிறது. முனை மழுங்கினால் பொருள் உடைவதற்குப் பதில் தேய்ந்து சூடேறும், மல்லியில் கருகல் வாசம் வரும். இங்கே அந்த வாசம் இல்லை. கூலியும் நியாயம்.

குறை ஒன்றுதான். ஆனால் மிஷினின் எல்லா மூட்டிலும் அது இருக்கிறது. ஓடுகிற தூளில் நிலைமின்சாரம் ஏறும் என்பதை நினைக்காமலேயே பூட்டியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் பையின் வாயில் தூள் மயிர்மயிராக ஒட்டுவதும், தகர டின்னைத் தொட்டால் சுள்ளென்று விரலில் அடிப்பதும், முன்னால் அரைத்தவரின் மஞ்சள் பின்னால் வந்தவரின் கடலை மாவில் தெரிவதும் மூன்று வேறு வேறு புகார்களாகப் பேசப்படுகின்றன. மூன்றுக்கும் வேர் ஒன்று.

இரண்டு பொருள் தொட்டுப் பிரிந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொஞ்சம் மின்னூட்டம் தாவிவிடும். உரசவேண்டும் என்றுகூட இல்லை, தொட்டுப் பிரிந்தாலே போதும். உரசல் தொடுகிற இடங்களைப் பெருக்கிவிடுகிறது. ஆகவே எவ்வளவு பரப்பு தொடுகிறது என்பதுதான் கணக்கு. ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள விரலி மஞ்சள் ஒரு கிலோ எடுத்தால் அதன் வெளிப்பரப்பு சுமார் 0.3 சதுர மீட்டர்தான். அதே ஒரு கிலோவை 100 மைக்ரான் தூளாக்கினால் பரப்பு 40 சதுர மீட்டரைத் தாண்டும். அந்தப் பரப்பு முழுவதும் சுத்தியலையும் சல்லடையையும் குழாய்ச் சுவரையும், ஒன்றையொன்றும், திரும்பத் திரும்பத் தொட்டுப் பிரிகிறது. ஒரே பொருளின் துகள்களுக்குள்ளேயே சிறியவை பெரும்பாலும் எதிர் மின்னூட்டமும் பெரியவை நேர் மின்னூட்டமும் பெறுகின்றன. அதனால்தான் நைசான தூள் தனியே பறந்து சுவரில் அப்பிக்கொள்கிறது, கொரகொரப்பானது கீழே விழுகிறது.

எந்த இடத்தில் எவ்வளவு ஏறும் என்பதற்குத் தொழிற்சாலைகளில் வழக்கமாகக் கையாளும் அளவுகள் உண்டு. மின்னூட்டத்தை மைக்ரோகூலும் என்ற அலகில் அளப்பார்கள். சலிக்கும்போது ஒரு கிலோ தூளில் 0.00001 முதல் 0.001 மைக்ரோகூலும். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றில் கொட்டும்போது 0.001 முதல் 0.1 வரை. அரைக்கும்போது 0.1 முதல் 1 வரை. காற்றடித்துக் குழாய் வழியாகக் கொண்டுபோகும்போது 0.1இல் தொடங்கி 1,000 வரைகூடப் போகும். வீட்டுச் சல்லடையில் ஒன்றும் தெரியாத அதே மிளகாய்த்தூள் இந்த மில்லில் துள்ளுவதற்குக் காரணம் இதுதான். இங்கே அரைப்பும் இருக்கிறது, பிளோவரும் இருக்கிறது.

‘மலேசியாவில் ஏது நிலைமின்சாரம், காற்றெல்லாம் ஈரமாச்சே’ என்று மில்லில் வேலை செய்கிறவர்களும் சொல்கிறார்கள், காத்திருக்கிறவர்களும் சொல்கிறார்கள். தெருவில் நிற்கும்போது அது உண்மை. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பொருள்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படிந்து மின்னூட்டம் வழிந்துவிடும். ஆனால் மில்லுக்குள் போகும் அந்தக் காற்று அரைப்புச் சூட்டில் 60 டிகிரிக்கு ஏறுகிறது. காற்றிலுள்ள நீராவி கூடவில்லை, குறையவில்லை. ஆனால் சூடான காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிட்டது. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். 50 டிகிரியிலேயே நின்றாலும் 28ஐத் தாண்டாது. அரைக்கும் கூட்டுக்குள்ளும் குழாய்க்குள்ளும் நிலவுவது பாலைவனத்துக் காற்று. அதோடு, வீட்டில் நன்றாக வறுத்துக் கொண்டுவந்த மல்லியும் மிளகாயும் தம் ஈரத்தை ஏற்கெனவே அடுப்பில் விட்டுவிட்டு வந்தவை. ஈரம் போன தூள் மின்சாரத்தைக் கடத்தாது, ஏறியது இறங்காது.

எவ்வளவு நேரம் இறங்காமல் நிற்கும் என்பதையும் கணக்கிடலாம். தூளின் மின்தடைமை (மின்சாரம் ஓடுவதை அது எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) 10¹⁰ ஓம் மீட்டர் என்றால் ஏறியதில் பெரும்பகுதி ஒரு விநாடிக்குள் வழிந்துவிடும். 10¹² என்றால் மூன்றில் ஒரு பங்காகக் குறையவே 18 விநாடி பிடிக்கும். 10¹³ என்றால் மூன்று நிமிடம். இது எர்த் செய்த எவர்சில்வர் பாத்திரத்தில் இருக்கும் தூளுக்கு. பிளாஸ்டிக் பீப்பாயில் இருந்தால் வழிவதற்கே வழியில்லை. இந்த மில்லில் சைக்ளோனுக்குக் கீழே வைத்திருப்பது நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய். அதை மாற்றவேண்டும் என்பதுதான் எங்கள் முதல் கோரிக்கை.

இனி மிஷினைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

ஹேமர் மில்லின் மோட்டாருக்கு எர்த் வயர் ஒழுங்காக இருக்கிறது. அதனால் மில்லின் உடம்பு எர்த் ஆகியிருக்கிறது. பிரச்சினை அதற்கு மேலே. கூட்டுக்கும் குழாய்க்கும் இடையில் ரப்பர் வாஷர், குழாய்க்கும் சைக்ளோனுக்கும் இடையில் ரப்பர் வாஷர், போல்ட்டுகளுக்கு அடியில் கெட்டியான பெயின்ட். பார்வைக்கு எல்லாம் ஒரே இரும்பு, மின்சாரத்துக்கு மூன்று தனித்தனித் தீவுகள். நிலைமின் விஷயத்தில் எர்த் இல்லாத உலோகம்தான் மிகக் கெட்டது. பிளாஸ்டிக்கில் ஏறிய மின்னூட்டம் தொட்ட இடத்திலிருந்து மட்டும் கொஞ்சம் பாயும். உலோகத்தில் ஏறியது முழுவதும் ஒரே பொறியில் பாய்ந்துவிடும். ஒவ்வொரு மூட்டிலும் பின்னிய செம்புப் பட்டை ஒன்று போட்டு, இரண்டு பக்கமும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, பல் வாஷர் வைத்து முடுக்கினால் தீர்ந்தது. ஒரு மூட்டுக்கு ஒரு கை நீளப் பட்டை போதும். முடித்தபின் மல்டிமீட்டரை வைத்து சைக்ளோனிலிருந்து எர்த் பார் (எர்த் வயர்கள் வந்து சேரும் பட்டை) வரை அளந்தால் தடை 10 ஓமுக்குள் இருக்கவேண்டும். நிலைமின் இறங்க 1 மெகாஓம் இருந்தாலே போதும் என்பது சரிதான். ஆனால் உலோகத்திலிருந்து உலோகத்துக்குப் போகிற பாதையில் 10 ஓமுக்கு மேல் காட்டினால் எங்கோ ஒரு மூட்டு துருப்பிடிக்கிறது, நாளைக்கு அது அறுந்துவிடும் என்று அர்த்தம். எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டக்கூடாது. இப்போது பாதிக் குழாய் பிவிசி.

அடுத்தது ஹோஸ். பிளோவரிலிருந்து சைக்ளோனுக்குப் போவது உள்ளே கம்பிச் சுருள் வைத்த கண்ணாடிபோன்ற பிவிசி ஹோஸ், 100 மில்லிமீட்டர் விட்டம், மூன்று மீட்டர் நீளம். இந்த ஹோஸ் தப்பில்லை, பூட்டிய முறைதான் தப்பு. கம்பி பிளாஸ்டிக்குக்குள் புதைந்து, இரண்டு முனையிலும் எதையும் தொடாமல் நிற்கிறது. உள்ளே விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் தூள் பாய, அந்தக் கம்பி மின்னூட்டத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது. மேலே கை வைத்தால் முழங்கை மயிர் நிற்பது அதனால்தான்.

சரிசெய்யும் முறை இது. மில்லை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முனையில் 50 மில்லிமீட்டர் அளவுக்கு பிவிசியைச் சீவிக் கம்பியை வெளியே எடுக்கவேண்டும். ஒரு சுற்றை நேராக்கி, ஹோஸின் உட்பக்கமாக மடித்து, எவர்சில்வர் மூக்கின்மேல் ஏற்றி, மேலே கிளாம்பை இறுக்கவேண்டும். மூக்கில் பெயின்ட் இருந்தால் சுரண்டவேண்டும். மறுமுனையிலும் இதேபோல். பிறகு முனைக்கு முனை அளக்கவேண்டும். இங்கே 10 ஓம் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். மூன்று மீட்டர் ஹோஸுக்குள் சுருண்டிருக்கும் கம்பியை நீட்டினால் அறுபது மீட்டர் வரலாம், அந்தக் கம்பியின் தடையே பத்து ஓமை எட்டிவிடும். சில பத்து ஓமுக்குள் நின்றால் நல்லது. ஒன்றுமே காட்டாவிட்டால் நடுவில் கம்பி முறிந்திருக்கிறது, ஹோஸை மாற்றவேண்டும். முறிந்த கம்பி எர்த் செய்யாத கம்பியைவிட மோசம். முறிந்த இடத்திலேயே உள்ளுக்குள் பொறி தாவும்.

இந்த மில்லில் செய்திருக்கும் இன்னொரு காரியம் நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் அதை உடனே கழற்றச் சொல்கிறோம். சைக்ளோனிலிருந்து ஃபில்டருக்குப் போகும் வெள்ளை பிவிசி குழாயின்மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, அதற்கு எர்த் கொடுத்திருக்கிறார்கள். ‘மின்சாரம் இறங்கிவிடும்’ என்ற நம்பிக்கை. இறங்காது. தூள் தொடுவது குழாயின் உட்சுவரை, அலுமினியம் இருப்பது வெளிச்சுவரில், நடுவில் மூன்று நான்கு மில்லிமீட்டர் பிவிசி. உள்ளே ஒரு வகை மின்னூட்டம் ஏற ஏற, எர்த் வழியாக வெளியே அதற்கு நேர்மாறான மின்னூட்டம் வந்து எதிரே நிற்கும். ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால், வெறும் பிவிசியில் ஏறக்கூடியதைவிடப் பல மடங்கு ஏறும். குழாயையே மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு பெரிய கபாசிட்டர் ஆக்கிவிட்டார்கள். பிவிசியில் ஊசித்துளை விழுந்தால், அல்லது யாராவது உள்ளே கம்பி விட்டுத் தட்டினால், பரந்த இடத்தில் இருப்பது எல்லாம் ஒரே புள்ளிக்கு ஓடிவந்து பாயும். சாதாரண பிளாஸ்டிக் பொறியில் இருக்கும் ஆற்றல் சில மில்லிஜூல். இப்படிப் பரவிப் பாயும் பொறியில் ஒரு ஜூலும் அதற்கு மேலும் இருக்கும், அதாவது ஆயிரம் மில்லிஜூல். மாவுத் தூசியைப் பற்றவைக்க அதில் இருபதில் ஒரு பங்கு போதும். 8 மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிப்புள்ள பிளாஸ்டிக்கின் முதுகில் எர்த் உலோகம் இருந்து, எதிர்ப்பக்கம் தூள் வேகமாக ஓடினால் இந்த ஆபத்து உண்டு. வெளியே செம்புக் கம்பி சுற்றுவதிலும் பயன் இல்லை. பிவிசி குழாய்க்கு வைத்தியம் கிடையாது. எவர்சில்வர் குழாயாக மாற்றுவதே வழி. இரண்டரை மீட்டர்தான்.

மாற்றும்போது வளைவுகளையும் குறைக்கலாம். இப்போது மூன்று முழங்கை வளைவுகள் இருக்கின்றன. நேர்க்குழாயில் சுவரை உரசிப்போகும் துகள், வளைவில் நேராகப் போய் மோதுகிறது. மின்னூட்டமும் அங்கேதான் அதிகம், தேய்மானமும் அங்கேதான். மோட்டார் இடத்தை ஓரடி நகர்த்தினால் ஒரு வளைவு போய்விடும். காற்றின் வேகத்தையும் விநாடிக்கு 20 மீட்டரிலிருந்து 16 வரை இறக்கிப் பார்க்கலாம். அதற்குக் கீழே போனால் தூள் அடியில் படிந்து குழாய் அடைக்கும்.

தகர டின்னுக்கு வருவோம். வாடிக்கையாளர் கொண்டுவரும் பிஸ்கட் டின்னைப் பிளாஸ்டிக் முக்காலியின்மேல் வைத்து நிரப்புகிறார்கள். ஐந்து கிலோ தூள், கிலோவுக்கு 0.1 மைக்ரோகூலும் என்று குறைந்தபட்சக் கணக்கே போடுவோம். மொத்தம் 0.5 மைக்ரோகூலும். முக்காலிமேல் இருக்கும் டின்னின் மின்கொள்ளளவு (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) சுமார் 20 பைக்கோஃபாரட். மின்னழுத்தம் 25,000 வோல்ட். பொறியின் ஆற்றல் 6 மில்லிஜூல். நோகும், பயமுறுத்தும், டின் கைதவறும், மாவு பற்றாது. அதுவே எர்த் இல்லாத பெரிய இரும்புத் தொட்டி, 100 பைக்கோஃபாரட், 20 கிலோ தூள் என்றால் 20,000 வோல்ட், 20 மில்லிஜூல். கோதுமை மாவுத் தூசி பற்ற சுமார் 50 மில்லிஜூல் வேண்டும். சீனித் தூசிக்குச் சுமார் 30, மிக நைசாக இருந்தால் அதைவிடவும் குறைவு. எல்லை எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நாம் போட்டது குறைந்தபட்சக் கணக்கு என்பதையும் மறக்கக்கூடாது.

டின்னுக்கு வைத்தியம் மிக மலிவு. பல் வைத்த கிளிப் ஒன்று, நான்கு சதுர மில்லிமீட்டர் பச்சை மஞ்சள் எர்த் வயர் இரண்டு மீட்டர். வயர் தடிப்பாக இருக்கச் சொல்வது மின்சாரத்துக்காக இல்லை, தினமும் இழுபட்டு அறுந்துபோகாமல் இருக்க. டின்னை வைத்ததும் கிளிப்பை மாட்டி, பிறகு தூளைத் திறக்கவேண்டும். தூள் நின்று அரை நிமிடம் கழித்துக் கிளிப்பைக் கழற்றவேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. நிரம்பியபின் கிளிப் மாட்டினால் கிளிப்பின் நுனியிலேயே பொறி தாவும். மில்லருகே நிற்கும் பையன் ஒருவன், ‘கீழே வச்சிட்டு அப்புறம் தொடுங்கக்கா’ என்று எல்லோரிடமும் அன்பாகச் சொல்கிறான். அவன் சொல்வது சரியான யோசனை. வெறும் சிமெண்டுத் தரை கொஞ்சம் கடத்தும். ஆனால் தூள் விழும் நேரம் முழுவதும் டின் தரையில் இருந்தால்தான் அது முழுப் பயன்.

அந்தப் பையன் போட்டிருப்பது ரப்பர் சிலிப்பர், நிற்பது ரப்பர் பாய்மேல். அப்படி நிற்கும் மனித உடம்பும் எர்த் இல்லாத உலோகம்போலத்தான்: 150 பைக்கோஃபாரட், 10,000 வோல்ட் ஏறினால் 7.5 மில்லிஜூல். பாயை எடுத்துவிட்டு, நிலைமின் இறக்கும் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுக்கவேண்டும். அதன் தடை 100 மெகாஓமுக்குக் கீழே இருக்கவேண்டும்; ஆனால் 0.1 மெகாஓமுக்குக் கீழே போகக்கூடாது, போனால் மெயின் கரண்டில் கை பட்டுவிடும்போது காப்பு இருக்காது.

ஃபில்டர் பை சாதாரண பாலியஸ்டர். உள்ளே பையை விரித்துப் பிடிக்கும் கம்பிக்கூண்டு பையின் துணிக்கழுத்தால் தனித்து நிற்கிறது, அதுவும் ஒரு தீவு. மில்லில் மிக நைசான, மிகக் காய்ந்த தூசி மேகமாக நிற்பது இந்தப் பெட்டிக்குள்தான். கன மீட்டருக்கு ஐம்பது கிராம் அளவில் மாவுத்தூசி மிதந்தாலே எரிந்து பரவக்கூடியது. மில் கூடத்தில் அந்த அளவு வராது, வந்தால் கையெட்டும் தூரத்தில் இருப்பதுகூடத் தெரியாது. ஃபில்டர் பெட்டியில் பையைத் தட்டும் ஒவ்வொரு முறையும் வரும். 1878இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பெரிய மாவு மில் ஒன்று தூசி வெடித்து 18 பேர் இறந்தார்கள். மாவுதானே என்று இளப்பமாக நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம். கடத்தும் நூல் கலந்து நெய்த பையும், கூண்டிலிருந்து பெட்டிக்கு ஒரு செம்புப் பட்டையும் வேண்டும். பையை வெறுங்கையால் அடித்து உதறுவதை நிறுத்தவேண்டும்.

மில்காரர் மேல் சந்தேகம் வரும் இடம் எடை. பத்து கிலோ மிளகாய் கொடுத்தால் ஒன்பதரை வருகிறது, மீதி எங்கே என்று கேட்கிறார்கள். நியாயமாகச் சொல்லவேண்டும்: பெரும்பகுதி தண்ணீர். 12 விழுக்காடு ஈரமுள்ள மிளகாய் அரைப்புச் சூட்டில் 8 விழுக்காட்டுக்கு வந்தால், பத்து கிலோவில் 435 கிராம் ஆவியாகவே போய்விடும். யாரும் எடுக்கவில்லை.

சுவரில் ஒட்டி நிற்கும் தூள்தான் வேறு கதை. அளவில் அது குறைவு, தொந்தரவில் அதிகம். ஏனென்றால் அது அங்கேயே நிற்பதில்லை. மில் நின்று ஆறியதும் மின்னூட்டம் மெல்ல வழிந்து, பிடி தளர்ந்து, அடுத்தவரின் சரக்கோடு சேர்ந்து வருகிறது. மஞ்சள் என்றால் நிறத்தில் தெரிந்துவிடும். மிளகாய் என்றால் குழந்தைக்குப் பொடித்த ராகி மாவில் காரமாகத் தெரியும். கச்சான் (வேர்க்கடலை) பொடியாக இருந்து, அடுத்தவர் வீட்டில் கச்சான் ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் விபரீதம். இந்த மில்லில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே குழாயை ரப்பர் சுத்தியலால் தட்டுகிறார்கள். ஈரத்தால் ஒட்டிய மாவு தட்டினால் பாளம்பாளமாக விழும். மின்னூட்டத்தால் ஒட்டியது பூஞ்சைபோல மெல்லியதாகப் படிந்து, தட்டினால் பறந்து மறுபடி போய் ஒட்டும். விரலால் கோடு இழுத்துப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். மின்னூட்டப் படிவுக்கு வழி இதுதான்: பிளோவரை வெறுமனே இரண்டு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, பிறகு ஒரு கைப்பிடி காய்ந்த அரிசியை அரைத்து அந்த மாவை வீசிவிடவேண்டும். எல்லாக் குழாயும் எர்த் ஆன எவர்சில்வராகிவிட்டால் அந்த ஐந்து நிமிடம் ஒன்றாகக் குறையும். தண்ணீர் தெளிக்கும் யோசனையை யாரும் சொல்லவேண்டாம். மசாலாவில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் நஞ்சு சமைத்தாலும் முழுதாகப் போகாது.

பாக்கெட் போடும் அறை குளிர்சாதனம் வைத்தது. சூடான தூளை நேராக அங்கே கொண்டுபோய், அரை மீட்டர் உயரத்திலிருந்து பாலித்தீன் பையில் கொட்டுகிறார்கள். விழும் தூள் பையின் இரண்டு உட்சுவரிலும் ஏறி ஒட்டி, சூட்டுக்கம்பியால் ஒட்டவேண்டிய வாயிலும் படிகிறது. சீலுக்குள் தூள் சிக்கினால் கண்ணுக்குத் தெரியாத சந்து விழும். மூன்று வாரத்தில் மல்லியின் வாசம் அந்தச் சந்து வழியாகப் போய்விடும். உலர்ந்த துணியால் பை வாயைத் துடைக்கிறார்கள். துடைப்பதும் உரசல்தான், இன்னும் ஒட்டும். எர்த் செய்த எவர்சில்வர் புனலின் மூக்கைப் பையின் அடிவரை இறக்கி, தூள் ஏற ஏறப் பையைக் கீழே இழுத்தால் வாய் சுத்தமாக இருக்கும். அதற்கு முன் தூள் எவர்சில்வர் தொட்டியில் பத்து நிமிடம் ஆறட்டும். நிறைய பாக்கெட் போடுகிறவர்களுக்கு நேர், எதிர் மின்னூட்டத் துகள்களைக் காற்றில் வீசி நிலைமின்சாரத்தைத் தணிக்கும் அயனிப் பட்டை என்று ஒன்று விற்கிறது. பை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைத்தால் நன்றாக வேலை செய்யும், இரண்டு முழம் தள்ளி வைத்தால் பயனில்லை. அதன் ஊசிகளை வாரம் ஒருமுறை துலக்கவேண்டும். மின் பொருள்கள் வைக்கும் இளஞ்சிவப்புப் பையில் மசாலா போடக்கூடாது, அதில் கலந்திருப்பது சாப்பாட்டுக்கு ஆனதில்லை.

தீபாவளி நெருங்கினால் பலகாரத்துக்குச் சீனி பொடிக்கக் கொண்டுவருகிறார்கள். இந்த ஹேமர் மில்லில் சீனி எடுக்கவேண்டாம் என்று மில்காரரிடம் கேட்டுக்கொள்கிறோம், மேலே சொன்ன மாற்றங்கள் முடியும்வரையாவது. அதைவிட முக்கியமானது ஒன்று. ரப்பர் மரத்து இலைநோய்க்கு அடிக்கும் கந்தகம் கட்டி தட்டிப்போனால், ‘ஒரு சுற்று விட்டுத் தாங்க’ என்று மசாலா மில்லில் கேட்கிற பழக்கம் எங்கேயும் வரக்கூடாது. கந்தகத் தூசி பற்ற மாவுக்கு வேண்டியதில் சிறு பங்கே போதும். டின்னைத் தொட்டால் விரலில் அடிக்கிற அதே பொறி அதற்கு எதேஷ்டம்.

மில்லுக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வறுத்த பொருளை அடுப்பிலிருந்து நேராகக் கொண்டுபோக வேண்டாம். தாம்பாளத்தில் பரப்பி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் மூடிக் கொண்டுபோங்கள். இரவு முழுக்கத் திறந்து வைத்தால் ஈரம் இழுத்துச் சல்லடையை அடைக்கும். எவர்சில்வர் தூக்கு அல்லது டின் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். நிரப்பும்போது தரையில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாட்டிலுக்கு மாற்ற அவசரப்படாதீர்கள், ஒரு மணி நேரம் டின்னிலேயே இருக்கட்டும். பிறகு மாற்றினால் பாட்டில் கழுத்தில் ஒட்டாது.

ஞாயிறு கூட்டம் தாங்காது. மஞ்சள், மிளகாய் எல்லாம் கலந்து ஓடும் நாள் அது. செவ்வாய், புதன் காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது போனால், கழுவித் துடைத்த மில்லில் உங்கள் சரக்குதான் முதல். முறுக்கு மாவுக்கு மட்டும், எந்த நாளானாலும், ஓரத்தில் இருக்கும் பழைய பெல்ட் மில்லில் போடச் சொல்லிக் கேளுங்கள். அதில் பிளோவர் இல்லை, ஹோஸ் இல்லை. மாவு அரைபட்டு நேராகத் தரையில் இருக்கும் உங்கள் டின்னில் விழுகிறது.